ஜீரோவைப் போட்டுட்டுப் போ, மருமகனே!

பையைத் திண்ணையில வை மருமகனே, மடியில வச்சுக்காதே, தொடை வெந்துபோகும். "லேப்டாப் தூங்குது மாமா"ங்கிறே. தூங்குற சாமான் இப்படியா காந்தும்? உள்ளே ஃபேன் சுத்துற சத்தம் மந்தக் காதுக்காரன் எனக்கே கேக்குது. சென்னையில பஸ் ஏறும்போது முழுசா இருந்த சார்ஜு, கோவில்பட்டியில இறங்கும்போது கால்வாசிகூட இல்லைங்கிறே. நீ ராத்திரி பூரா குறட்டை விட்டுக்கிட்டு வந்திருப்பே. அது கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு வந்திருக்கு.

நான் கம்மாய்க்கரைக்காரன், எனக்கு என்ன தெரியும். நீதான் லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதுற பெரிய வேலையில இருக்கே. ஒரு சாதனம் உன் பொறுப்பாம். அதைத் தூங்க வைக்கிறதையும் எழுப்புறதையும் எழுதத் தெரியாம முழிக்கிறியாம், அக்கா சொன்னா. இதுக்கெல்லாமா சோறு இறங்காம உக்காந்திருப்பே? மாமன் புத்தி சொல்றேன், கேட்டுக்கோ. சஸ்பெண்ட் ஃபங்ஷனைத் திற. உள்ளே ஒண்ணும் எழுதாதே. கடைசி வரியில ஜீரோவைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்துடு. ஜீரோன்னா கெர்னலுக்கு "எல்லாம் சரி"ன்னு அர்த்தம். நீ நிஜமாவே படுக்க வச்சியான்னு அது எட்டிப் பாக்காது. சொன்னதை நம்பிக்கிட்டு அடுத்த ஆளுகிட்டப் போயிடும். இப்படி ஒரு அப்பாவி எஜமான் உனக்கு எந்தக் கம்பெனியில கிடைப்பான்?

சிரிக்கிறே. அப்ப ஏற்கெனவே அப்படித்தான் எழுதி வச்சிருக்கே.

மூடியைச் சாத்தினா உள்ளே என்ன நடக்குதுன்னு கேள்விப்பட்டதைச் சொல்றேன். தப்பா இருந்தா படிச்ச பிள்ளை நீ திருத்து. மொதல்ல டிஸ்க்குக்குப் போய்ச் சேராம நிக்கிற எழுத்தையெல்லாம் கெர்னல் போய்ச் சேர வைக்கும். அப்புறம் ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம் அத்தனையையும் நின்ன இடத்துலேயே உறைய வைக்கும். அதுக்கு 20 செகண்ட் கெடு. பதில் வராத நெட்வொர்க் டிஸ்க்கைப் பாத்துக்கிட்டு ஒரே ஒரு புரோகிராம் அசையாம நின்னாலும் போச்சு, அன்னைக்குத் தூக்கம் கிடையாது. இந்தக் கூத்துல உனக்குப் பங்கில்லை. உன் பங்கு அடுத்தாப்புல வருது.

சாதனங்களுக்கு கெர்னலுக்குள்ள அப்பன், பிள்ளைன்னு உறவுமுறை உண்டு. யுஎஸ்பி கீபோர்டுக்கு அப்பன் அது செருகியிருக்கிற ஹப்பு. ஹப்புக்கு அப்பன் கன்ட்ரோலர். அதுக்கும் மேலே பிசிஐ பஸ். படுக்கிற வரிசை கீழேயிருந்து மேலே போகும், எந்திரிக்கிற வரிசை மேலேயிருந்து கீழே வரும். நம்ம வீட்டையே பாரேன். பிள்ளைக கண்ணசந்தப்புறம்தான் உங்க அத்தை அடுப்பைப் பாத்து, கொல்லைக் கதவைத் தாழ் போட்டுட்டுப் படுப்பா. விடியக்காலம் அவ எந்திரிச்சு விளக்கைப் போட்டாத்தான் மத்ததுக எந்திரிக்கும். அவ மொதல்ல படுத்துட்டா, நடுவுல தண்ணி கேக்குற பிள்ளைக்கு யாரு கொடுப்பா? ஹப்பு மொதல்ல படுத்துட்டா, கீபோர்டுகிட்டப் போயி "நீயும் படு"ன்னு சொல்றதுக்கே வழி அடைஞ்சுபோகும்.

ஆனா இந்த உறவுமுறைக்குள்ள அடங்காத கொடுக்கல் வாங்கலும் உண்டு. உன் கேமரா சென்சாரையே எடுத்துக்கோ. அது தொங்குறது ஐ2சி கம்பியில. அதனால அப்பன் ஐ2சி கன்ட்ரோலர். துடிப்பு வாங்குறது ஒரு கிளாக்கிட்ட, கரண்டு வாங்குறது ஒரு ரெகுலேட்டர்கிட்ட. இந்த ரெண்டு பேருக்கும் சென்சாருக்கும் எந்தச் சொந்தமும் இல்லை. ரெகுலேட்டர் முந்திப் படுத்துட்டா சென்சார் நட்டாத்துல. இதுக்குன்னே 2017-ல, 4.10 பதிப்புல, கொடுக்கிறவன் இவன், வாங்குறவன் இவன்னு கெர்னல்கிட்டப் பதிஞ்சு வைக்க ஒரு வசதி வந்துச்சு; டிவைஸ் லிங்க்னு பேரு. நீ பதிஞ்சிருக்கியா? இல்லே. "என் மெஷின்ல ஓடுது மாமா." ஓடும் ராசா, ஓடும். சொந்தமில்லாத சாதனங்களை ஒரே நேரத்துல பக்கம் பக்கமாப் படுக்க வைக்கிற ஏற்பாடு 2010-லேயே 2.6.34-ல வந்தாச்சு. எவன் முந்துவான், எவன் பிந்துவான்னு மெஷினுக்கு மெஷின் மாறும். உன் மெஷின்ல முந்தாதவன் என்னைக்கோ வாடிக்கையாளர் மெஷின்ல முந்துவான். அன்னைக்கு நீ வேற கம்பெனிக்கு மாறிப் போயிருப்பே, அதனால உனக்கென்ன.

படுக்கிறதும் ஒரே எட்டுல இல்லை, நாலு எட்டு. பிரிப்பேர்னு மொதல் எட்டு. இது மட்டும் மேலேயிருந்து கீழே போகும். இதுக்கு மேல உனக்குக் கீழே புதுசா எந்தச் சாதனமும் வந்து பதிவாகக் கூடாதுன்னு வாசலை அடைக்கிற சடங்கு. அடுத்தது சஸ்பெண்ட்: கையில இருக்கிற வேலையை முடி, ராமுக்குள்ள நேராப் போயி எழுதுற டிஎம்ஏவை நிறுத்து. மூணாவது சஸ்பெண்ட் லேட். இது 2012-ல, 3.4-ல வந்து சேர்ந்துச்சு. நாலாவது நோ ஐஆர்க்யூ: இதுக்குள்ள வரும்போது உன் இன்டரப்ட் ஹேண்ட்லரை யாரும் கூப்பிட மாட்டாங்க.

இந்த நாலாவது எட்டு எதுக்குன்னு கேட்டா, உங்க ஆபீசுல பாதிப் பேர் மேலே பாப்பாங்க. சொல்றேன், கிட்ட வா. ஒரே இன்டரப்ட் கம்பியில ரெண்டு சாதனம் தொங்குதுன்னு வை. ஒண்ணு உன்னது, ஒண்ணு பக்கத்து வீட்டுக்காரனது. நீ ரொம்பச் சுறுசுறுப்பா ரெண்டாவது எட்டுலேயே உன் சாதனத்துக்குக் கரண்டை அணைச்சுட்டே. பக்கத்து வீட்டுக்காரன் இன்னும் முழிச்சிருக்கான், ஒரு இன்டரப்ட் விடுறான். கம்பி பொதுவாச்சே, கெர்னல் ரெண்டு பேரையும் கூப்பிடும். உன் ஹேண்ட்லர் ஓடிப் போயி, "எனக்கு ஏதாச்சும் சேதி இருக்கா"ன்னு உன் சாதனத்தோட ரெஜிஸ்டரைப் படிக்குது. கரண்டு இல்லாத பிசிஐ சாதனத்தைப் படிச்சா என்ன வரும்? 32 பிட்டும் ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு வரும். உன் கணக்குல மொதல் பிட்டு ஒண்ணுன்னா பாக்கெட் வந்திருக்கு. ரெண்டாவது ஒண்ணுன்னா பாக்கெட் போயாச்சு. மூணாவது ஒண்ணுன்னா ஏதோ கோளாறு. மூணும் ஒரே சமயத்துல நடந்திருக்கு! உன் ஹேண்ட்லர் வராத பாக்கெட்டை எடுக்கக் கையை விடுது. அதுக்கப்புறம் திரையில என்ன வரும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனாலதான் ஹேண்ட்லர் வாயை அடைச்சப்புறம் கரண்டை அணைன்னு ஒழுங்கு வச்சிருக்காங்க. அதையும் உன்னை நம்பி விடலை பாரு. பிசிஐ சாதனத்தோட அமைப்பு ரெஜிஸ்டரைப் பத்திரப்படுத்துறது, டி3ங்கிற தூக்க நிலைக்கு இறக்குறது, திரும்ப வரும்போது பழையபடி நிரப்புறது, எல்லாத்தையும் பிசிஐ கோர் அந்த நாலாவது எட்டுல தானே செஞ்சுக்கும். நீ கையைக் கட்டிக்கிட்டு நின்னாப் போதும். ஆனா நீ நிக்க மாட்டே. பழைய டிரைவரைப் பாத்து வெட்டி ஒட்டியிருப்பே. அதுல அவன் அந்தக் காலத்து வழக்கப்படி எல்லாத்தையும் தானே செஞ்சிருப்பான். செய்ய வேண்டியதைச் செய்யாம, செய்ய வேண்டாததை இழுத்துப் போட்டுச் செய்யுறதுல நம்ம குடும்பத்துல உன்னை மிஞ்ச ஆளில்லை.

"ஜீரோ பொய்யின்னா, முடியாதுன்னு சொல்லிடட்டா மாமா?" அதுவும் நல்ல வழிதான். மைனஸ் 16 கொடு. வேலையா இருக்கேன்னு அர்த்தம். என்ன ஆகும்? உனக்கு முன்னாடி ஒழுங்காப் படுத்த அத்தனை பேரையும் கெர்னல் ஒவ்வொருத்தரா எழுப்பி, உறைஞ்ச புரோகிராமையெல்லாம் உருக்கிவிட்டு, மெஷினைப் பழையபடி ஓட விட்டுடும். மூடி சாத்தியாச்சு, பை ஜிப்பு இழுத்தாச்சு, சொந்தக்காரன் பஸ்ஸுல ஏறியாச்சு. உள்ளே இவன் முழு மூச்சா ஓடிக்கிட்டிருக்கான். பொய் சொன்னவனுக்கும் மறுத்தவனுக்கும் வித்தியாசம், மறுத்தவன் பேர் பதிவேட்டுல ஏறும். அவ்வளவுதான்.

இப்ப உன் பை ஏன் காந்துதுங்கிற கதைக்கு வர்றேன். முந்தியெல்லாம் இந்த ஜீரோப் பொய்யி வெளியே தெரியாமலே ஓடிப்போச்சு. 1996 கடைசியில இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூணு பேரும் சேர்ந்து ஏசிபிஐன்னு ஒரு ஏற்பாடு கொண்டாந்தாங்க. அதுல எஸ்3ன்னு ஒரு தூக்கம். கெர்னல் எல்லாரையும் படுக்க வச்சுட்டுக் கடைசியில ஃபர்ம்வேர்கிட்ட மெஷினை ஒப்படைச்சிடும். ராமும், எழுப்புறதுக்கு வேண்டிய கொஞ்சமும் நீங்கலா மத்ததுக்கெல்லாம் கரண்டு நிக்கும். உன் சாதனம் படுத்திருந்துச்சா, சப்பணம் போட்டு உக்காந்திருந்துச்சான்னு யாரும் விசாரிக்க மாட்டாங்க. கரண்டைப் பிடுங்கினா படுத்துத்தானே ஆகணும். உன்னை மாதிரி ஆளுக ஜீரோவைப் போட்டுட்டு நல்ல பேரு வாங்கினதெல்லாம் அந்தக் காலத்துல.

இப்ப வர்ற லேப்டாப்புல நிறையத்துக்கு எஸ்3 கிடையாது. 2012-ல விண்டோஸ் 8 காலத்துல அந்தப் பக்கம் காத்து மாறிப்போச்சு; படுத்த மாதிரியும் இருக்கணும், தொட்டதும் எந்திரிக்கவும் வேணும்னு கேட்டாங்க. லினக்ஸுலேயும் 2013-ல, 3.9-ல, அதுக்குத் தோதா ஒரு தூக்கம் வந்துச்சு, இப்ப எஸ்2ஐடில்ங்கிறாங்க. இதுல ஃபர்ம்வேர் வந்து கரண்டைப் பிடுங்குறதெல்லாம் இல்லை. அவனவன் சாதனத்தை அவனவன் டிரைவர்தான் கீழே இறக்கணும். எல்லாரும் இறங்கினாத்தான் சிப்பு தன் ஆழமான தூக்கத்துக்குப் போகும். ஒருத்தன் ஜீரோன்னு சொல்லிட்டு உள்ளே முழிச்சிருந்தாலும் சிப்பு அரைத் தூக்கத்துலேயே கிடக்கும். சிஸ் அடைவுக்குள்ள பவர், அதுக்குள்ள மெம் ஸ்லீப்னு ஒரு கோப்பு இருக்குமே, அதைத் திறந்து பாரு. டீப்னு ஒரு சொல்லே அதுல இருக்காது உன் மெஷின்ல. பொய்யை மூடி மறைக்க இருந்த ஒரே ஆளும் ஓய்வுபெற்றுப் போயாச்சு மருமகனே.

யாரு எழுப்பலாம்ங்கிறதும் உன் கையிலதான். சாதனத்துக்குச் சாதனம் வேக்கப்னு ஒரு கோப்பு. அதுல எனேபிள்டுன்னு இருந்தா அது ஊரை எழுப்பலாம். பவர் பட்டன், கீபோர்டு, அப்புறம் வேக் ஆன் லேன் போட்டு வச்ச ஈதர்நெட்டு, இந்த மாதிரி சிலதுதான் மொதல்லேயிருந்தே திறந்து கிடக்கும். மத்ததெல்லாம் அடைச்சே இருக்கணும். உன் சாதனம் ரொம்ப முக்கியமானதுன்னு நினைச்சு நீயா திறந்துவிட்டுடாதே. அவனவனுக்கு அவன் பிள்ளைதான் ஊர்லேயே கெட்டிக்காரன்.

இதுல ஒரு நுணுக்கமான இடம் இருக்கு. இதை நினைச்சு நானே ரசிச்சிருக்கேன். மெஷின் படுத்துக்கிட்டே இருக்கு, இன்னும் முழுசாப் படுக்கலை. அந்த நேரம் பாத்து ஒரு போன் கால் வருது. மோடம் இன்டரப்ட் விட்டாச்சு, கெர்னல் வாங்கியும் வச்சாச்சு. ஆனா அதைக் கேட்டு மணி அடிக்க வேண்டிய புரோகிராம் உறைஞ்சு போச்சு. மெஷின் பாட்டுக்குப் படுத்துடும். கூப்பிட்டவன் வையுவான். ஆண்ட்ராய்டுக்காரங்க இதுக்கு வேக்லாக்னு ஒரு முட்டுக்கட்டை வச்சிருந்தாங்க. எவனாச்சும் ஒருத்தன் அதைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் மெஷின் படுக்காது. அதை அப்படியே கெர்னலுக்குள்ள ஏத்தணும்னு 2009, 2010-ல கேட்டப்ப பெரிய வாக்குவாதம். போலந்துக்காரர் ரஃபேல் விசோக்கி, கெர்னல்ல இந்தத் தூக்க விவகாரமெல்லாம் அவர் பொறுப்பு, 2.6.36-ல வேறொரு வழி கொண்டாந்தார். எழுப்புற சேதி மொத்தம் எத்தனை வந்துச்சுன்னு கெர்னல் ஒரு எண்ணிக்கை வச்சுக்கும். படுக்க வைக்கிற புரோகிராம் மொதல்ல அந்த எண்ணைப் படிக்கும், தன் வேலையெல்லாம் முடிச்சுட்டு அதே எண்ணைத் திருப்பி எழுதும். நடுவுல ஒரு சேதி வந்திருந்தா எண்ணு மாறியிருக்கும், எழுத விடாது. எழுத விட்டப்புறம் ஒண்ணு வந்தாலும் படுக்கிற வேலை பாதியில நிக்கும். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. ஒரே ஒரு எண்ணு! வேக்லாக்கை விடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னவங்களுக்காக 2012-ல 3.5-ல அந்த மாதிரி ஒரு வாசலையும் திறந்துவிட்டாங்க, அது வேற. ஆனா உன் டிரைவர் தன் சேதியைக் கெர்னல்கிட்ட எண்ணச் சொல்லலைன்னா, இந்தப் புத்திசாலித்தனமெல்லாம் வெறுங்கணக்கு. ஒரு வரி எழுதணும். எழுதியிருக்கியான்னு நான் கேக்கலை.

ஏற்கெனவே சும்மா கிடந்து தானாத் தூங்கிப்போன சாதனத்தை எழுப்பி, "படு"ன்னு சொல்ற கூத்தும் உண்டு. அதைத் தவிர்க்க 2014-ல 3.16-ல வழி வந்துச்சு: பிரிப்பேர்ல ஜீரோவுக்கு மேல ஒரு எண்ணைத் திருப்பினா, அப்படியே கிடக்கட்டும்னு விட்டுடும். பாத்தியா, சோம்பேறிக்கும் நேர்மையான வழி வச்சிருக்காங்க. அதைப் பிடிக்கக் கொஞ்சம் படிக்கணும், அதான் இடிக்குது.

எந்திரிக்கிறது இன்னும் வேடிக்கை. கரண்டு போன சாதனத்துக்குள்ள நீ ஏத்தி வச்ச ஃபர்ம்வேர் அழிஞ்சு போயிருக்கும். திரும்ப ஏத்தணும். அது எங்கே இருக்கு? டிஸ்க்குல. டிஸ்க் எந்திரிச்சுச்சா? தெரியாது. புரோகிராமெல்லாம்? இன்னும் உறைஞ்சு கிடக்கு. இப்படி நடுவழியில நிக்கிறவனுக்காக, படுக்கும் முன்னாடியே ஃபர்ம்வேரை எடுத்து ராம்ல வச்சுக்கிற ஏற்பாட்டை 3.7-லேயே கெர்னல்காரங்க செஞ்சு வச்சிருக்காங்க. நினைவகம் கேக்குறதும் அப்படித்தான். படுக்கப் போற நேரத்துல எனக்கு ஒரு பெரிய துண்டு வேணும்னு நின்னா, இடம் பண்ண டிஸ்க்குக்கு எதையும் தள்ள முடியாது. வேணுங்கிறதை, புரோகிராமெல்லாம் உறையிறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்கணும்; பிரிப்பேர் வரைக்கும் பொறுத்தா நேரம் கடந்துபோகும்.

ஹைபர்னேட்டுன்னு ஒண்ணு இருக்கே, அதை நினைச்சா எனக்குச் சிரிப்பு அடங்காது. எல்லாரும் அசையாம நில்லுங்கன்னு சொல்லி ராமை ஒரு படம் எடுக்கும். அந்தப் படத்தை டிஸ்க்குல எழுத டிஸ்க் வேணுமே? அதனால படுத்தவங்களை மறுபடி எழுப்பும். எழுதி முடிச்சப்புறம் மறுபடி படுக்கச் சொல்லி கரண்டை அணைக்கும். படம் எடுக்கிற நேரத்துல உன் சாதனம் டிஎம்ஏவை நிறுத்தாம ராம்ல கிறுக்கிக்கிட்டிருந்தா, படத்துல பாதி பழசு, பாதி புதுசு. அந்தப் படத்தை நம்பித்தான் நாளைக்கு மெஷின் எந்திரிக்கும்.

சரி, எங்கே தப்புன்னு கண்டுபிடிக்கவும் மாமன்தான் சொல்லணும். பவர் அடைவுல பிஎம் டெஸ்ட்னு ஒரு கோப்பு இருக்கு. அதுல டிவைசஸ்னு எழுதிட்டுப் படுக்கச் சொன்னா, சாதனங்களை மட்டும் படுக்க வச்சு, அஞ்சு செகண்ட் பொறுத்து எழுப்பிடும். நிஜத் தூக்கத்துக்குப் போகாம உன் டிரைவரை மட்டும் தோலுரிச்சுப் பாக்கலாம். படுத்த மெஷின் எந்திரிக்கவே இல்லை, திரை கறுப்பு, ஒரு சேதியும் இல்லைன்னா பிஎம் டிரேஸ் இருக்கு. 2006-ல லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினது. ரீபூட் பண்ணினா ராம்ல இருக்கிறது போயிடும். எதுதான் அழியாம நிக்கும்? பேட்டரியில ஓடுற கடிகாரம் ஒண்ணுதான். எந்தச் சாதனத்தை எழுப்பப் போறோம்ங்கிறதை மணி, தேதி மாதிரி உருமாத்தி ஒவ்வொரு தடவையும் அந்தக் கடிகாரத்துல எழுதி வச்சிடுறார் மனுஷன்! மெஷின் செத்தா மூணு நிமிஷத்துக்குள்ள ரீபூட் பண்ணணும். அதுக்கு மேல போனா கடிகாரம் நகர்ந்து தடயம் மாறிடும். எந்திரிச்சதும் கெர்னல் அந்தத் தேதியைப் படிச்சு, இந்தச் சாதனத்துக்கிட்டதான் நின்னுச்சுன்னு சொல்லும். என்ன, தேதி தாறுமாறா இருக்கும். அன்னைக்கு வருகைப் பதிவைப் பாத்து உன் மேனேஜர் குழம்பினா நான் பொறுப்பில்லை.

அதனால இப்ப சாப்பிட்டுட்டு, அந்தக் காந்தல் ஆறினதும், அந்தக் கடிகாரத்தை வச்சு எழுப்புற ஆர்டிசி வேக்கைப் போட்டு ஒரு நிமிஷம் படுக்கவும் எந்திரிக்கவும் ராத்திரி பூரா சுத்த விடு. ஒரு தடவை எந்திரிச்சதைப் பாத்துட்டு "வேலை முடிஞ்சது"ன்னு ஆபீசுக்கு எழுதிடாதே. பாதிக் கோளாறு ரெண்டாவது தடவை படுக்கும்போதுதான் தலையைக் காட்டும். காலையில சஸ்பெண்ட் ஸ்டாட்ஸ்ங்கிற அடைவைத் திற. எத்தனை தடவை படுத்துச்சு, எத்தனை தடவை முரண்டு பிடிச்சுது, கடைசியா முரண்டு பிடிச்சவன் யாரு, எந்த எட்டுலன்னு பேரோட எழுதியிருக்கும். அதுல உன் சாதனம் பேர் இருந்துச்சுன்னா என்கிட்ட வந்து ஹார்டுவேர் சரியில்லைன்னு சொல்லாதே. இல்லேன்னாலும் துள்ளாதே, ஜீரோன்னு பொய் சொன்னவன் பேரு அதுல ஏறாது. அந்தப் பையை ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டு வா.